‘ஓடும்’ என்று சொன்ன வண்டி

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ‘தட்டு’. பழைய கார் வாங்கி விற்கும் அந்தக் கடையில் ஒரு வண்டி வந்து நின்றதும், நடுவிரலை மடக்கி, அதன் உடம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவார். தகரம் தகரமாக இருந்தால் ‘டிங்’ என்று பதில் சொல்லும். நசுங்கிய இடத்தில் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தால் ‘தொப்’ என்று வாயை மூடிக்கொள்ளும். கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்றுவது கஷ்டம் என்பது அவர் கட்சி.

மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். கதவோர ரப்பரை உரித்து வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்ப்பார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று தேடுவார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எவ்வளவு கழுவினாலும் அந்த இடத்தை யாரும் கழுவுவதில்லை. பிரேக் மிதியின் ரப்பரைத் தடவிப் பார்ப்பார். திருத்தி வைத்த மீட்டர், குழந்தை வயதைச் சொல்லும். மிதி கிழடு தட்டிப் போயிருக்கும்.

இத்தனையும் பார்த்துவிட்டு அவர் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு சொல். ‘எடுத்துக்கலாம்’ என்றால் நல்ல வண்டி. ‘வேண்டாம்’ என்றால் முதலாளி அதை வாங்காமல் அனுப்பிவிடுவார். மூன்றாவது சொல் ‘ஓடும்’. அதைக் கேட்டால் முதலாளியின் முகம் மலர்ந்துவிடும். வண்டியில் கோளாறு இருக்கிறது, விற்கிறவனை மடக்கி அடிமாட்டு விலைக்கு வாங்கலாம், வாங்க வருகிறவன் கண்ணில் அது படாது என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். கடைக்கு வெளியே யாருக்கும் இது தெரியாது.

‘ஓடும்’ பொய் இல்லை. அதுதான் அதன் சாமர்த்தியம். வண்டி ஓடத்தான் செய்யும். யாரை ஏற்றிக்கொண்டு, எந்தத் திருப்பம் வரைக்கும் என்பதை யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. பொய் சொல்கிறவனுக்காவது தான் சொன்னது பொய் என்று உள்ளே உறுத்தும். தட்டுவுக்கு அந்த உறுத்தல்கூட இல்லை. தான் யாரையும் ஏமாற்றியதில்லை என்று அவர் மனதார நம்பினார், நன்றாகத் தூங்கினார்.

கடையில் பழகிய நாக்கு வீட்டிலும் அதையே சொன்னது. சாப்பாடு எப்படி என்றால் ‘ஓடும்’. புதுச் சட்டை எப்படி என்றால் ‘ஓடும்’. ஆனால் வீட்டில் அதன் பொருள் வேறு. அவர் யாரையும் எதையும் லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை. அதனால் ‘ஓடும்’ என்று வந்துவிட்டால் அதுவே பெரிய பாராட்டு என்று மனைவியும் மகளும் எடுத்துக்கொண்டார்கள்.

“நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னாடி என் தலையில தட்டிப் பார்க்கல,” என்பாள் மனைவி. “பார்த்திருந்தா ‘தொப்’னு கேட்டிருக்கும். வேண்டாம்னு போயிருப்பாரு.”

“தட்டாமலே தெரிஞ்சுது. இருந்தாலும் ஓடும்னு நினைச்சேன்,” என்பார் இவர். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒரே சொல்லுக்குக் கடையில் ஒரு பொருளும் வீட்டில் ஒரு பொருளும் இருப்பதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டும் சந்திக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

மகளுக்குக் குழந்தை பிறந்த பிறகு கார் பேச்சு தொடங்கியது. மாப்பிள்ளைக்குக் கணினி முன்னால் உட்காரும் வேலை. ஒரு பேனா வாங்குவதென்றாலும் பத்துப் பேர் அதைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் வாங்குவார். புதிது வாங்கினால் சின்னதுதான் முடியும், பழையது என்றால் டிக்கி வைத்த நடுத்தர செடானே கைக்கு எட்டும், குழந்தையின் தள்ளுவண்டியை மடித்துப் போடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

“நீங்க என்ன சொல்றீங்க மாமா? புதுசா, பழசா?”

“புதுசுன்னா கம்பெனியை நம்பணும், பழசுன்னா ஆளை நம்பணும். எது சுலபம்னு பார்த்துக்குங்க மாப்பிள்ளை,” என்றார் தட்டு. அப்படிச் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அடுத்த வாரம் முதலாளி அவரை வெளியூருக்கு அனுப்பினார். ஏலத்துக்கு வந்த வண்டிகளைத் தட்டிப் பார்க்கிற வேலை. திரும்பி வந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்பும்போது, தன் வீட்டு வாசலில் வெள்ளி நிறத்தில் ஒரு செடான் நிற்பதைப் பார்த்தார். அதைத் தட்டிப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. ஏற்கெனவே தட்டியதுதான்.

முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி இன்னொரு வண்டி. பின்னால் நொறுங்கிய ஒன்றையும் முன்னால் நொறுங்கிய ஒன்றையும் நடுவில் அறுத்து, நல்ல பாதிகளைச் சேர்த்துப் பற்றவைத்தது. ஒட்டுவண்டி. வேலை சுத்தமாக இருந்தது. கதவு, கண்ணாடி எதிலும் தெரியாது. பின்சீட்டைத் தூக்கி, கம்பளத்தை விலக்கி, கறுப்புப் பூச்சைச் சுரண்டினால்தான் குறுக்கே ஓடும் தையல் தெரியும். அது கடைக்கு வந்த அன்றைக்கே அவர் சுரண்டினார், பார்த்தார், பூச்சைத் திரும்பப் பூசச் சொன்னார். முதலாளியிடம் வந்து ‘ஓடும்’ என்றார்.

“அப்பா! முகத்தைப் பாரும்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறாரு!” மகள் குழந்தையோடு ஓடி வந்தாள். “உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு எல்லாரும் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தோம்.”

மாப்பிள்ளை கூச்சத்தோடு சிரித்தார். “ஆளை நம்பணும்னு சொன்னீங்களே மாமா. எனக்குத் தெரிஞ்ச ஆள் நீங்கதான். உங்க கடைக்கே போய், எங்க மாமா பார்த்த வண்டி எதுன்னு கேட்டேன். உங்க முதலாளி இதைக் காட்டி, ‘உங்க மாமா வாயாலேயே ஓடும்னு சொன்னது’ன்னாரு. அதுக்கு மேல நான் எதையும் பார்க்கல.”

“இவர் வாயில ஓடும்னு வந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்னு நான்தான் சொன்னேன்,” என்றாள் மனைவி, தன் பங்கை விட்டுவிடாமல்.

முதலாளியும் பொய் சொல்லவில்லை. தட்டுவுக்கு அதுதான் முதலில் தோன்றியது.

அவர் ஒன்றும் சொல்வதற்குள் பின்சீட்டில் ஏற்றிவிட்டார்கள். பக்கத்தில் மகள், அவள் மடியில் குழந்தை. முன்னால் மனைவி வரவேற்பறையில் உட்கார்ந்த தோரணையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிவிட்டு வரலாம் என்று மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, தட்டுவின் காலுக்கடியில் ‘டக்’ என்று மெல்ல ஒரு சத்தம். மற்ற யாருக்கும் கேட்கவில்லை. குழந்தை அந்தத் தையலுக்கு நேர் மேலே, வாயில் விரலைப் போட்டுக்கொண்டு தூங்கியது.

“மாப்பிள்ளை, ஓரமா நிறுத்துங்க.”

“என்ன மாமா?”

“நிறுத்துங்கன்னா நிறுத்துங்க.”

எல்லோரையும் இறக்கிவிட்டுப் பின்சீட்டைத் தூக்கினார். கம்பளத்தை இழுத்து, சாவியின் முனையால் கறுப்பைச் சுரண்டினார். மரப்பட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக வெல்டிங் கோடு வெளியே வந்தது. மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். அவருக்குப் புரிய நேரம் பிடிக்கவில்லை.

“இது ரெண்டு வண்டியா மாமா?”

“ஆமா.”

“மோதினா?”

“இந்த இடத்துல பிரிஞ்சுடும்.”

“இது உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்ப ஓடும்னா என்ன மாமா அர்த்தம்?”

சாலையோரத்தில் நின்றபடி அவர் அந்தச் சொல்லுக்கு உரை சொன்னார். சொல்லி முடித்ததும் மாப்பிள்ளை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இது மாதிரி எத்தனை பேருக்கு...” என்று தொடங்கி, எண்ணிக்கையைக் கேட்கப் பயந்தவர்போல நிறுத்திக்கொண்டார்.

மகள்தான் கேட்டாள். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“என் மார்க்கைப் பார்த்துட்டு ஓடும்னு சொல்வீங்களேப்பா. அது?”

“அது வேறம்மா. வீட்டுல சொல்றது வேற.”

“இவரை முதல்ல கூட்டிட்டு வந்தப்போ, நான் சமையலறைக்கு வந்து எப்படிப்பான்னு கேட்டேன். அன்னிக்கும் ஓடும்னுதான் சொன்னீங்க.”

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். தட்டு, அன்றைக்கு எந்தப் பொருளில் சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தார். உண்மையில் அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

“என் சமையலும் அந்த ரகம்தானா?” என்றாள் மனைவி. சிரிப்பை வரவழைக்கத்தான் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் முதலாளி கண்ணாடி அறைக்குள் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே கேட்டார். “இப்ப என்ன தட்டு, தலை போற விஷயமா?”

“என் மாப்பிள்ளைன்னு தெரிஞ்சே கொடுத்தீங்களா முதலாளி?”

“அவர்தானே மாமா பார்த்த வண்டி வேணும்னாரு? நீங்க பார்க்காத வண்டி ஏதாவது இந்தக் கடையில இருக்கா? உங்க வாய்ச்சொல்லைத்தான் வித்தேன். என் சொல் ஒண்ணையும் சேர்க்கல.” பிறகு குரலைத் தணித்தார். முதலாளி கெட்டவர் இல்லை. வியாபாரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நல்லவர். “சரி, நம்ம வீட்டுப் பொண்ணு. திருப்பி எடுத்துக்கறேன். நீங்க ‘எடுத்துக்கலாம்’னு சொன்ன நீல வண்டி நிக்குதே, அதை ஓட்டிட்டுப் போகட்டும். ஆனா வெள்ளியை நீங்களே வித்துக் கொடுக்கணும். அது போனதும்தான் நீலத்துக்குப் பேர் மாத்தித் தருவேன். சம்மதமா?”

மாப்பிள்ளையிடம் தகவலைச் சொன்னபோது அவர், “நாங்க திருப்பிக் கொடுத்தா, அது யார்கிட்ட போகும் மாமா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நீல வண்டியின் டிக்கியைத் திறந்து, தள்ளுவண்டி உள்ளே அடங்குகிறதா என்று அளந்துகொண்டிருந்தார்.

வெள்ளி வண்டி கடையின் முன்வரிசையில் நின்றது. பூச்சு திரும்பப் பூசப்பட்டது. யாராவது கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவது என்று தட்டு முடிவு செய்திருந்தார். வருகிறவர்கள் மீட்டரைப் பார்த்தார்கள், பாட்டுப் பெட்டியைப் பாட வைத்தார்கள், சக்கரத்தைக் காலால் உதைத்தார்கள். அவரை யாரும் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் அவர் யோக்கியராக இருந்தார். மகளோ நீல வண்டியை வெளியே எடுக்கப் பயந்தாள். பேர் மாறாத வண்டியில் எங்காவது உரசிவிட்டால் யார் பதில் சொல்வது? அவள் போன் செய்யும்போதெல்லாம் வேறு எதையும் கேட்பதில்லை. “போச்சாப்பா?” என்பாள். எது, யாரிடம் என்று சொல்வதில்லை.

பிறகு ஒரு தம்பதி வந்தார்கள். அவன் ரொட்டி சுடும் அடுமனைக்காரன். புருவத்தில்கூட மாவு ஒட்டியிருந்தது. அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து ஒருமுறை குதித்துப் பார்த்தாள். “இடம் தாராளமா இருக்கு. உங்கம்மாவும் வரலாம்,” என்றாள். “அதுக்காகத்தான் யோசிக்கிறேன்,” என்றான் அவன். அவள் அவன் தோளில் ஓங்கி அடித்தாள். மாவு பறந்தது. இருவரும் சிரித்தார்கள்.

அடுமனைக்காரன் முதலாளியிடம் போகவில்லை. நேராக இவரிடம் வந்தான்.

“அண்ணே, அவர் விக்கிறவரு. விக்கிறவர் நல்லதுன்னுதான் சொல்வாரு. நீங்க வேலை செய்யறவரு. எனக்கு வண்டி பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்லுங்கண்ணே, எடுக்கலாமா?”

கண்ணாடிக்குப் பின்னால் முதலாளி நாற்காலியைச் சுழற்றுவதை நிறுத்தினார். தட்டு வண்டியைச் சுற்றி நடந்தார். விரலை மடக்கிக் கதவில் தட்டினார். ‘டிங்’ என்றது. பாதிகள் இரண்டும் நல்ல பாதிகள்தான். தட்டுகிற இடத்தில் கோளாறு இல்லை. அந்த ஓசையைக் கேட்டு அந்தப் பெண் முகம் மலர்ந்து, தானும் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள்.

‘வேண்டாம்’ என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது உண்மை. அதோடு நீல வண்டியும், தோளில் குழந்தையோடு நிற்கும் மகளும் வந்தார்கள்.

“ஓடும்,” என்றார்.

“அவ்வளவு போதும்ணே!” அடுமனைக்காரன் அவர் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். மாவு அவர் விரல்களிலும் ஒட்டியது.

பேர் மாற்றிய காகிதத்தை மாப்பிள்ளையிடம் கொடுத்தபோது அவர் இருபுறமும் திருப்பிப் படித்தார். வெள்ளி வண்டி யாரிடம் போயிற்று என்று கேட்கவில்லை. அன்றைக்கு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். சமையல் மகளுடையது. முன்பென்றால் அவர் வாயில் போட்டதும் எப்படி என்று கேட்டிருப்பாள். இப்போது கேட்கவில்லை. யாரும் கேட்காமலே அவர்தான் சொன்னார், வாழ்க்கையில் அதுவரை எதற்கும் சொல்லாத சொல்லை.

“நல்லா இருக்கும்மா.”

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளை தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மகள் அவர் பக்கம் திரும்பினாள்.

“நல்லா இருக்குன்னா என்னப்பா அர்த்தம்?” என்றாள்.