என் மூச்சுக்கு நூற்றிருபது வாட்

"நீங்க வேணாங்க்கா" என்று எங்கள் நால்வரில் இளையவள் சொன்னது அக்கறையில்தான். அதனாலேயே எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

நாங்கள் நான்கு பேரும் ஒரே தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தரம் பிரிப்பவர்கள். பத்து வருடங்களுக்கு மேலாக ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக ஆபீஸ் கிராணியைத் திட்டி, ஒரே பஸ்ஸில் வீடு திரும்புகிறவர்கள். ரிங்லெட் ஊருக்குக் கீழே ஆற்றோரம் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கலாம் என்ற யோசனையை முதலில் சொன்னதே நான்தான். கோலாலம்பூரிலிருந்து கார் போட்டு வந்து நம் மலையில் கூடாரம் அடிக்கிறார்கள், நமக்கு மட்டும் என்ன குறைச்சல் என்று கேட்டேன். எல்லோரும் சரியென்றார்கள். அதன் பிறகுதான் அந்த இடத்தில் கரண்ட் கிடையாது, ஜெனரேட்டருக்கும் அனுமதியில்லை என்று தெரிந்தது.

எனக்குத் தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும். முகமூடி மாட்டி, குழாய் வழியே காற்றைத் தள்ளும் சின்ன மெஷின் ஒன்றோடுதான் படுக்கிறேன்; மாட்டினால் குறட்டையும் நின்றுவிடும். அது இல்லாமல் ஓர் இரவும் படுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

கணவர் போன பிறகு, அடுத்த வீட்டில் இருக்கும் அண்ணன்தான் என் எல்லா விஷயத்திலும் தீர்ப்புச் சொல்பவர். அன்றைக்கும் சொன்னார்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கு காட்டுல படுக்கற வேல? இங்க கரண்டு இருக்கு, கட்டில் இருக்கு. பேசாம கெடயேன்லா."

"கெடக்கறதுக்கு நான் என்ன கோணிப்பையா அண்ணே?" என்றேன்.

மறுவாரமே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷினைச் சரிபார்க்கும் ஊழியரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. காற்றை ஈரமாக்கத் தண்ணீரைச் சூடாக்கும் பாகம்தான் கரண்டை அதிகம் இழுக்கும், அதை இரண்டு நாள் நிறுத்தி வைக்கலாம் என்றார். பேட்டரியிலிருந்து நேராக மெஷினுக்குப் போகும் கேபிள் எது என்று எழுதியும் கொடுத்தார். "மொதல்ல வீட்ல படுத்துப் பாருங்க. அப்புறம் காட்டுக்குப் போங்க" என்றார்.

அப்படியே செய்தேன். கையில் தூக்கும் அளவில் ஒரு பேட்டரிப் பெட்டி வாங்கி, பகலில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, மூன்று இரவு வீட்டுக் கரண்டைத் தொடாமல் படுத்தேன். ஓர் இரவுக்கு ஏறத்தாழ அறுபது சதவீதம் தீர்ந்தது. முதல் இரவுக்குப் பெட்டி போதும். இரண்டாவது இரவுக்கு வெயில்தான் வர வேண்டும். மூடுபனிக்குப் பேர்போன மலையில் நான் வெயிலை நம்பிக் கிளம்புகிறேன் என்று அண்ணன் எங்கள் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார்.

முதல் சோலார் பேனலை ஆன்லைனில் வாங்கி ஏமாந்தேன். 'இருநூறு வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வந்து சேர்ந்தது விருந்தாளிக்குத் தேநீர் வைத்துக் கொடுக்கும் தட்டு அளவில் இருந்தது. மேகமே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போடும் இடத்தில் விரித்து, பெட்டியில் மாட்டினேன். பெட்டியின் திரை பதினான்கு வாட் என்று காட்டியது. திருப்பி வைத்தேன், சாய்த்து வைத்தேன், துடைத்தும் பார்த்தேன். பதினான்குதான். அண்ணன் தன் வாசலில் நின்று, "ஒரு டார்ச்சு லைட்டுக்குப் போதும்லா" என்றார்.

விற்றவரிடம் கேட்டதற்கு, வானிலை காரணமாக இருக்கலாம் என்று பதில் வந்தது. நீல வானமும் திரையிலிருந்த எண்ணும் ஒரே படத்தில் விழும்படி எடுத்து அனுப்பினேன். பேனலைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வரை தினமும் அனுப்பினேன். ஆனால் அந்தத் தோல்வியில் ஒன்று கற்றேன். வெயில் விழும் பரப்பு எவ்வளவோ அவ்வளவுதான் கரண்ட். கைக்குட்டையைக் காயப்போட்டுவிட்டு வேட்டி காய்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த முறை கண்ணால் பார்க்காமல் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். தானா ராத்தாவில் இரும்புச் சாமான்களோடு கூடாரச் சாமான்களும் விற்கும் பாய் கடைக்கு, பேட்டரிப் பெட்டியைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். மடிக்கும் பேனல் மூன்று விதம் வைத்திருந்தார்.

"மூணையும் பிரிங்க பாய். வெயில்ல வச்சுப் பாக்கணும்."

"அதெல்லாம் பிரிக்க முடியாதும்மா. வாங்குனா பிரிக்கலாம்."

"இது வெளக்கு எரிக்க இல்ல பாய். நான் மூச்சு விட."

முகமூடியையும் குழாயையும் பற்றிச் சொன்னேன். பாய் கத்தியை எடுத்து அட்டைப்பெட்டிகளைக் கிழித்தார்.

கடைக்குப் பின்னால் கார்கள் நிற்கும் இடத்தில் மூன்றையும் விரித்தோம். நல்ல வெயிலில் சிறியது எழுபதைத் தொட்டது, நடுவிலிருந்த நூற்றிருபது வாட் எண்பத்தெட்டு. பெரியது நூறோடு நின்றுவிட்டது, என் பெட்டி அதற்கு மேல் வாங்காதாம். குடையை விரித்து ஒவ்வொன்றின் ஓரத்திலும் நிழல் விழ வைத்தேன். ஒரு மடிப்பு மட்டும் மறைந்தாலே எண் தடாலென்று விழுந்தது. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். அதற்குள் மலைப்பக்கமிருந்து மேகம் இறங்கியது.

"மூடிக்கிச்சும்மா. உள்ள போலாம்" என்றார் பாய்.

"இதுக்குத்தான் பாய் காத்துக்கிட்டு நிக்கிறேன். வெயில்ல எல்லாமே வேல செய்யும்லா."

மூடுபனியில் சிறியது ஒன்பதுக்கு இறங்கியது. நடுவிலுள்ளது பதினேழு காட்டியது, பெரியது இருபத்து நான்கு. பெரியதையே எடுத்துக்கொள்ளச் சொன்னார் பாய். அதைத் தூக்கிக்கொண்டு அவர் கடையின் பின்படிகளில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். மூச்சு வாங்கியது. ஆற்றங்கரை மேட்டில் இதை வேறு யாராவது எனக்காகச் சுமக்க வேண்டியிருக்கும். அது எனக்கு வேண்டாம். நடுவிலுள்ளதை வாங்கினேன்.

முதல் இரவு நன்றாகவே போனது. காலையில் பெட்டி நாற்பது சதவீதம் காட்டியது. ஆனால் விடிந்ததிலிருந்தே மழை. தார்ப்பாய்க்கு வெளியே பேனலை நனையவிட்டு, பெட்டியை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் ஒரு மணிக்கு நாற்பத்தேழு.

"பேசாம கெளம்பிடலாமாக்கா? எங்களுக்கு ஒண்ணுமில்ல, இன்னொரு நாள் வருவோம்" என்றாள், ஆரம்பத்தில் என்னை வேண்டாமென்றவள்.

"நாலு மணி வரைக்கும் பாப்பேன். எழுவது வரலன்னா என்ன மட்டும் கார்ல கொண்டுபோய் விடு. நீங்க மூணு பேரும் இருக்கணும்."

அண்ணனுக்கு எதிராக எவ்வளவு வேண்டுமானாலும் வீம்பு பிடிப்பேன். மூச்சிடம் வீம்பு பிடிக்க மாட்டேன். அந்த எழுபதை வீட்டிலேயே முடிவு செய்து வைத்திருந்தேன்.

இரண்டே காலுக்கு மழை விட்டது. ஆற்றோரம் முழுக்க மர நிழல். பேனலை மடித்துத் தோளில் மாட்டிக்கொண்டு, சாலையோரத்துக் காய்கறித் தோட்டத்து மேட்டுக்கு ஏறினேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். தோட்டக்காரரிடம் கேட்டு, முட்டைக்கோஸ் வரிசை முடியும் திட்டில் விரித்தோம். வெயிலில் சூடேறாமல் பெட்டிக்குக் குடை பிடித்தேன். என் தலைக்குக் குடையில்லை.

"அக்கா, ஒரு மூலையில நெழல் விழுது" என்று அவள் கத்துவாள். நகர்த்துவேன். மேகம் வரும், எண் இருபது வாட்டுக்கு விழும், இருவரும் வானத்தைப் பார்ப்போம். வெயில் வரும், எண்பதுக்கு ஏறும். அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் எத்தனை முறை நகர்த்தினேனோ தெரியாது. கழுத்து வெந்துபோனது. நான்கு மணிக்குப் பெட்டியில் எழுபத்தேழு சதவீதம்.

அவள் கீழே பார்த்து, "சோறு நாலு பேருக்குப் போடுங்கடி!" என்று குரல் கொடுத்தாள்.

மறுநாள் காலை கண் விழித்தபோது மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெட்டியில் பதினெட்டு மிச்சம். வெளியே மூவரும் அடுப்பைச் சுற்றி நின்று, ராத்திரி குறட்டை விட்டது யார் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முகமூடியைக் கழற்றி, கூடாரத்திலிருந்து தலையை நீட்டி, "நான் இல்லடி!" என்றேன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி.