ஆணி அடிக்காத வீடு

திண்டுக்கல் நாகல் நகரில் புவனேஸ்வரி குடியிருக்கும் வீட்டின் சுவர்களில் ஓர் ஆணிகூடக் கிடையாது. வாடகைக்கு வந்த அன்று, காய்ச்சிய பால் ஆறுவதற்குள், வீட்டுக்காரம்மா செபாஸ்தியம்மாள் மாடியிலிருந்து இறங்கி வந்து சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"தண்ணி எம்புட்டு வேணும்னாலும் புழங்கிக்கங்க. சொந்தக்காரங்க எத்தன பேரு வந்தாலும் வரட்டும். சுவத்துல மட்டும் ஆணி அடிக்கப்படாது. காலி பண்ணிப் போறவங்க ஆணியப் புடுங்கிட்டுப் போயிருவாங்க. ஓட்டைய எடுத்துட்டுப் போவாங்களா?"

அதனால் அந்த வீட்டில் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. பழனி முருகன் ஃபிரிட்ஜின் தலையில் நின்றபடி அருள்பாலித்தார். கடிகாரம் டிவியின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். டிவியைக் கொஞ்சம் வேகமாகத் துடைத்தால் குப்புற விழும். மாதம் பிறந்ததும் வாடகை வாங்க வரும் செபாஸ்தியம்மாள் முதலில் நலம் விசாரிப்பது சுவர்களைத்தான். மனிதர்களை அப்புறம்தான் விசாரிப்பார்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் புவனேஸ்வரி ஒரு ஜிம் வைப்பது என்று முடிவு செய்தாள்.

அவள் ஒன்றும் பயில்வான் பரம்பரை இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் பரணிலிருந்து கிரைண்டரை இறக்க ஆள் வரவில்லை என்று அவளே ஏணியில் ஏறி இறக்கி வைத்தாள். வாங்க வந்த அம்மாள் கிரைண்டரைப் பார்க்கவில்லை, இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்குப் பின்தெருவில் இருந்த ஜிம்மில் பெண்களுக்கென்று மதியம் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் சும்மா எட்டிப் பார்ப்போமே என்று போனவள், அங்கேயே கிடையாய்க் கிடக்க ஆரம்பித்தாள்.

தரையில் கிடக்கும் கனத்தைக் குனிந்து பிடித்து, நிமிர்ந்து நிற்க வேண்டும். டெட்லிஃப்ட் என்றார்கள். அது அவளுக்குப் பிடித்துப்போனது. கடையில் "அதைக் காட்டு, இதைக் காட்டு" என்பார்கள், வீட்டில் "அது எங்கே, இது எங்கே" என்பார்கள். நாள் முழுக்க அடுத்தவர் சொல்லுக்கு ஆடிக்கொண்டிருந்த உடம்பு அந்தக் கொஞ்ச நேரம் அவள் சொல்லை மட்டும் கேட்டது. அந்தச் சந்தோஷம் அவளுக்குப் புதிது.

மதுரையில் நடக்கும் வலுதூக்கும் போட்டியில் நாற்பது வயது தாண்டிய பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு என்று பயிற்சியாளர் சொன்னார். அன்றிலிருந்து, நாற்பது வயது எப்போது வரும் என்று ஆவலாகக் காத்திருந்த பெண் நாகல் நகரிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். கடைசியில் வயது வந்து சேர்ந்த சமயத்தில் ஜிம்காரர்கள் பெண்கள் நேரத்தை எடுத்துவிட்டார்கள். வருகிற பெண்கள் போதவில்லையாம். காலையும் மாலையும் பையன்கள் கூட்டம் நெரிந்தது. ஒரு ராடைத் தொட வரிசையில் நின்றால் கடைக்கு நேரமாகிவிடும். போட்டிக்குப் போக வேண்டுமென்றால் இனி வீட்டில்தான் தூக்க வேண்டும்.

மகள் தீபா காந்திகிராமத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுடைய அறை சும்மா கிடந்தது. கணவன் சோலைமலை ஒட்டன்சத்திரத்துக் காய்கறியை லாரியில் கேரளாவுக்குக் கொண்டு போகிறவன். பாதி நாள் குடித்தனம் ரோட்டில்தான். அவனிடம் போனில் சொன்னாள்.

"ஏய், ஒரு ஆணிக்கே அந்தம்மா அந்தப் பேச்சுப் பேசும். நீ இரும்புக் கடையவே கொண்டாந்து வைக்கப் போறேங்கிற" என்றான்.

"சுவத்துல படாம வச்சுக்கிறேங்க."

"காலி பண்ணச் சொன்னா என்ன செய்வ?"

கடைக்கு நடந்தே போகிற தூரத்தில், தங்கள் கைக்கு எட்டுகிற வாடகையில், இன்னொரு வீடு கிடைக்காது. வீடு போனால் அறை போகும், அறை போனால் போட்டி போகும். இது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், கேட்டு அனுமதி வாங்கத் துணியவில்லை. கேட்டால் இல்லை என்று வந்துவிடுமே.

போட்டிக்கு ராடைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழவும் பழக வேண்டும், அதற்கு ராடைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒன்று தேவை. கிரில் பட்டறை தப்ரேஸ் அளவெடுக்க வந்தவுடன் சுவரைத்தான் தட்டிப் பார்த்தான். "நாலு போல்ட்டு அடிச்சு நிறுத்திட்டா ஆடாதுக்கா. ஒரு மணி நேர வேலை."

"அடிக்கக் கூடாது தம்பி. அது பாட்டுக்குத் தனியா நிக்கணும்."

தப்ரேஸ் தலையைச் சொறிந்தான். பிறகு அடிக்கால்களை முன்னும் பின்னும் அகலமாக நீட்டி, எடைத் தட்டுகளைப் பின்பக்கம் கீழேயே அடுக்குகிற மாதிரி ஒரு ரேக் செய்துகொடுத்தான். தட்டுகளின் கனமே ரேக்கைப் பிடித்து உட்கார வைத்துவிடும். அவனே அதைப் பிடித்துத் தொங்கி ஆடிப் பார்த்தான். அசையவில்லை.

தரைக்கு வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. டைல்ஸில் இரும்பு பட்டால் கீறல் விழும். மாட்டுக்கொட்டகையில் விரிக்கும் கனத்த ரப்பர் மேட்டை வத்தலக்குண்டில் வாங்கி, சுருட்டிக் கட்டி, தோளில் தூக்கிப் பஸ்ஸில் ஏறினாள். பக்கத்துச் சீட்டுப் பெரியவர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"எத்தன மாடும்மா வச்சிருக்க?"

"ஒண்ணுதாங்கய்யா."

"ஒத்த மாட்டுக்கா இம்புட்டுப் பெரிய மேட்டு?"

"கொஞ்சம் கனமான மாடு" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டாள்.

ரேக்கைத் தப்ரேஸின் ஆட்கள் ஆட்டோவிலிருந்து இறக்கியபோது செபாஸ்தியம்மாள் மாடிக் கைப்பிடியில் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கீழே இறங்கி வந்துவிடக் கூடாதே என்று புவனேஸ்வரிக்குப் பயம். அந்த மாதம் வாடகையை அவளே முந்திக்கொண்டு மாடிக்குப் போய்க் கொடுத்தாள். அடுத்தடுத்த மாதங்களும் அப்படியே.

விடிந்ததும் பயிற்சி. ஜிம்மில் பையன்கள் ராடைத் தூக்கியதும் தொப்பென்று கீழே போட்டு, அந்தச் சத்தத்தில் ஒரு சுகம் காண்பார்கள். இவளுக்கு அந்தச் சுகத்துக்கு வழியில்லை. தூக்கிய ஒவ்வொன்றையும், தூங்கிவிட்ட பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது போல இறக்கினாள். ஏற்றுவதைவிட இறக்குவதுதான் உயிரை வாங்கியது. சில நாள் வாய்விட்டுத் திட்டியபடி இறக்கினாள்.

எல்லாம் சரி. அறைதான் சின்னது. ராடின் முனைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு சாண்கூட இல்லை. தட்டு மாட்டும்போது கை தவறினால் முனை சுவரில் இடித்துவிடும். இதற்கும் ஒரு யோசனை செய்தாள். அண்ணன் ஊரில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறான். தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கு நார் உரித்தபின் மிஞ்சும் தூள் அங்கே மலையாகக் குவிந்து கிடக்கும். பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். அதை அரிசிச் சாக்குகளில் நிரப்பிக் கொண்டுவந்து இரண்டு பக்கச் சுவரிலும் இடுப்பளவுக்குச் சாய்த்து அடுக்கினாள். சுவருக்கு மெத்தை போட்டவள் திண்டுக்கல் ஜில்லாவிலேயே தான் ஒருத்திதான் என்று சோலைமலையிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டாள்.

அந்த நார்த்தூளைத்தான் இந்தப் பக்கத்து ஜனங்கள் செடிக்குப் போடுகிறார்கள். எதற்கு? ஒருநாள் ஊற்றிய தண்ணீரை ஒரு வாரம் விடாமல் பிடித்து வைத்திருக்கும் என்பதற்காக. புவனேஸ்வரியே தன் கறிவேப்பிலைத் தொட்டியில் அதைப் போட்டிருக்கிறாள். தொட்டியில் தெரிந்தது சுவரில் தெரியாமல் போய்விட்டது.

ஐப்பசி மழை அந்த வருஷம் வஞ்சகமில்லாமல் பெய்தது. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. தரையை ஈரத்துணி போட்டுத் துடைத்தாள். சாக்குகள் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் குடித்துக்கொண்டே இருந்தன. ஒருநாள் காலை அறையில் மக்கிய வாடை அடித்தது. ஒரு சாக்கை நகர்த்தினாள். அது நாலு மடங்கு கனத்திருந்தது. பின்னால் சுவரில் பெயிண்ட் அப்பளமாய்ப் பொங்கி நின்றது. விரலால் லேசாகத் தொட்டாள். முறம் அகலத்துக்குப் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்து காலில் விழுந்தது.

அவள் ரப்பர் மேட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஓர் ஆணி அடிக்கவில்லை, ஒரு கீறல் விடவில்லை. காப்பாற்றப் போட்ட மெத்தையே சுவரைத் தின்றுவிட்டதே என்று அழுகை வந்தது. போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது.

சோலைமலை போனில் வழி சொன்னான். "அழாத. பட்டி வாங்கி அப்பி, அதே கலர்ல பெயிண்ட் அடிச்சிருவோம். நான் வந்து பண்றேன். அந்தம்மாவுக்கெங்க தெரியப் போகுது?"

"தெரியாதுதான்."

"அப்புறமென்ன?"

"ஈரம் உள்ளேயே இருக்கும்ங்க. நாம போட்டி முடிச்சு, காலி பண்ணி, எங்கிட்டோ போயிருவோம். அது அவங்க வீட்டுக்குள்ள இருந்து அழுகிக்கிட்டே இருக்கும்." சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். மனசு மாறுவதற்கு முன் மாடிப்படி ஏறினாள்.

செபாஸ்தியம்மாள் இறங்கி வந்தார். அந்த அறைக்குள் அவர் நுழைவது ரேக் வந்த பிறகு அதுதான் முதல் தடவை. சுவர் முன்னால் நின்றார். உதிர்ந்த இடத்தைச் சுற்றி விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டார். தட்டிய இடத்தில் இன்னும் கொஞ்சம் விழுந்தது.

"ஆணி அடிச்சியா?"

"இல்லம்மா." சாக்கு, நார்த்தூள், சாரல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "கேக்காம வச்சது தப்புத்தான்மா. காலி பண்ணச் சொன்னா பண்ணிர்றோம். போட்டி வரைக்கும் மட்டும் செத்த பொறுத்துக்கங்க."

செபாஸ்தியம்மாள் ரேக்கைப் பார்த்தார். கீழே விரித்திருந்த மேட்டைக் காலால் அழுத்திப் பார்த்தார். "இத வச்சு என்னதான் பண்ணுவ? பண்ணிக் காட்டு."

புவனேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். தூக்கினாள். நிமிர்ந்து நின்றாள். வழக்கம்போல உயிரைக் கொடுத்து இறக்கி வைத்தாள். ஒரு சத்தமும் எழவில்லை.

"இப்படித்தான் தினமும் பண்றியா?"

"ஆமாம்மா."

"இந்தச் சாமான் வந்த நாள்லருந்து நான் மேல காதத் தீட்டி வச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு சத்தம் கேட்டாப் போதும், இறங்கி வந்து ரெண்டுல ஒண்ணு பாத்துருவம்னுதான் இருந்தேன். இந்நாள் வரைக்கும் கேக்கல. வாங்கிப் போட்டுட்டுச் சும்மாதான் கெடக்குதாக்கும்னு நெனச்சேன்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பூச்சு போனா பூசிக்கலாம். சாக்கெல்லாம் இன்னைக்கே வெளிய போகணும். ஜன்னலத் தொறந்து வையி. ஈரம் காயற வரைக்கும் இதுமேல யாரும் கைய வைக்கப்படாது. கோடையில ஆள் விட்டுப் பூசிக்குவோம். கூலி நீதான் குடுக்கணும்."

"குடுத்துர்றேம்மா."

வாசல் வரை போனவர் திரும்பினார். "சாக்குக்குப் பதிலா அந்த ராடு முனையில ஏதாவது துணியச் சுத்திக்கக் கூடாதா?"

இத்தனை மாதத்தில் அது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று புவனேஸ்வரிக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன.

மதுரையில் போட்டி நடந்த அன்று சோலைமலை லோடு இறக்கிய லாரியோடு நேரே அங்கே வந்து, காக்கிச் சட்டையிலேயே முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டான். கடைசிச் சுற்று டெட்லிஃப்ட். அவளுக்கு முன்னால் போன பெண் இவள் தூக்க வேண்டிய அதே எடையைச் சுலபமாகவே தூக்கினாள். தூக்கிய சந்தோஷத்தில் ராடைக் கையிலிருந்து விட்டுவிட்டாள். அது விழுந்த சத்தத்தில் மேடை அதிர்ந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. தூக்கியதைக் கைவிடாமல் இறக்கி வைத்தால்தான் கணக்கு, போட்டுவிட்டால் செல்லாது.

புவனேஸ்வரி போய் நின்றாள். நூற்றுப்பத்து கிலோ. முழங்காலைத் தாண்டும்போது ராடு நின்றுவிடும் போலிருந்தது. நிற்கவில்லை. நிமிர்ந்தாள். நடுவர் கையை இறக்கினார். இப்போது இறக்க வேண்டும். கைகள் விட்டுவிடு விட்டுவிடு என்று கெஞ்சின. அவளுக்கு மேடை மறந்துபோனது. கீழே டைல்ஸ், பக்கத்தில் சுவர், மேலே காதைத் தீட்டி வைத்துக்கொண்டு செபாஸ்தியம்மாள். தொட்டிலில் கிடத்துவது போல இறக்கினாள். மூன்று நடுவர்களின் விளக்கும் வெள்ளையாக எரிந்தன, தூக்கியது செல்லும். மூன்றாம் இடம்.

மறுநாள் காலை மெடலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். செபாஸ்தியம்மாள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இத எங்க மாட்டப் போற?"

"ஜன்னல் கம்பியிலதாம்மா. காலண்டருக்குப் பக்கத்துல."

செபாஸ்தியம்மாள் மெடலைக் கையில் வைத்து எடை பார்த்தார். "எப்படியும் கோடையில கொத்தனார் வருவார்ல. பூசறப்பவே அவரையே நல்லதா ஒரு ஆணி அடிக்கச் சொல்றேன்" என்று மெடலைத் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணுதான். பாத்துக்க."

சித்திரையில் பூச்சு வேலை முடிந்தது. காலண்டர் இன்னும் ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது. முருகனும் ஃபிரிட்ஜை விட்டு இறங்கவில்லை. அந்த வீட்டில் ஆணி ஒன்றே ஒன்றுதான், அதில் புவனேஸ்வரியின் மெடல் தொங்குகிறது.