இரண்டு கிலோவுக்குள் ஒரு லேப்டாப்

மஸ்கட்டில் நாங்கள் தங்கியிருக்கும் பெண்கள் விடுதியில் ஒவ்வொரு அறைக் கதவுக்குப் பின்னாலும் ஒரு கைத்தராசு தொங்கும். பெட்டியின் பிடியில் கொக்கியை மாட்டித் தூக்கினால் முள் நகர்ந்து எடையைக் காட்டும். வந்த புதிதில் அதைப் பார்க்க எனக்கு விசித்திரமாக இருந்தது. ஷாம்பு வாங்கி வந்தால்கூட முதலில் அதில்தான் மாட்டுவார்கள். பால்பவுடர் டப்பா, பிள்ளைகளின் ஷூ, அரைக்கை சுவெட்டர் என்று எல்லாவற்றின் எடையும் இங்குள்ள பெண்களுக்கு மனப்பாடம். சென்னை எர்ணாவூரில் இருந்த காலத்தில் தண்ணீர் லாரியிலிருந்து மூன்று மாடி ஏறி எத்தனையோ வருஷம் குடம் சுமந்திருக்கிறேன். ஒரு குடம் எத்தனை கிலோ என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தூக்க முடிந்தால் தூக்குவோம், முடியாவிட்டால் இன்னொருத்தியைக் கூப்பிடுவோம், அவ்வளவுதான்.

எங்கள் அறையில் ஐந்து பேர். ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இருவர் இருவராக முனை பிடித்து இஸ்திரி மெஷினில் கொடுத்து மடிப்பது எங்கள் வேலை. அறையில் ஒரு வழக்கம் உண்டு. யார் லீவில் ஊருக்குப் போனாலும் மற்ற நான்கு பேருக்கும் ஆளுக்கு இரண்டு கிலோ சுமந்து போகவேண்டும். அந்த இரண்டு கிலோவுக்குள் என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம். அதற்குமேல் ஒரு சோப்புக் கட்டிகூடக் கிடையாது. இந்த ஏற்பாட்டுக்கு நான் பெரிதும் நன்றி உள்ளவள். இது இல்லாவிட்டால் ஐந்து வருஷத்தில் என் கையால் வாங்கிய ஒரு பொருளும் என் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. நான் பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் லேப்டாப் வாங்கிய கதையை எழுத உட்கார்ந்ததே, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளுக்கு வாங்கி அனுப்பும் அம்மாக்கள் யாராவது படிப்பார்கள், நான் செய்த தப்பை அவர்கள் செய்யாமல் இருப்பார்கள் என்றுதான்.

என் மகள் கௌதமி அப்போது பி.சி.ஏ. இரண்டாம் வருஷம். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் கல்லூரிக்குப் போன முதல் பெண். அவளைப் படிக்கவைக்கத்தான் நான் விமானம் ஏறினேன். வீட்டை என் கணவர் ஏழுமலை பார்த்துக்கொண்டார், துறைமுகத்தில் சுமை ஏற்றிய நேரம் போக. கல்லூரி லேபில் மூன்று பெண்களுக்கு ஒரு கம்ப்யூட்டர். கூச்சத்தில் அவள் என்னைக் கொண்டு பிறந்தவள். மற்ற இருவரும் உட்கார, இவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாளாம். திருவொற்றியூரில் பிரவுசிங் சென்டருக்குப் போனால் அங்கே பையன்கள் கூட்டம், திரும்பி வந்துவிடுவாளாம். அந்த வருஷம் ஒரு சின்ன புராஜெக்ட் செய்து, டைப் அடித்து, எல்லார் முன்னாலும் இயக்கிக் காட்டவேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை போனில் சொன்னாள், “ம்மா, என்னால முடியாதும்மா. நான் நின்னுடறேன். வண்ணாரப்பேட்டையில துணிக்கடைக்கு ஆள் கேக்கறாங்க.” நான் பதில் சொல்வதற்குள் கார்டில் காசு தீர்ந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க விரிப்பை மடிக்கும்போதெல்லாம் அந்தத் துணிக்கடைதான் கண்ணில் நின்றது. அவளும் அங்கே துணிதான் மடிப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்து ஒன்பது அது. சின்ன லேப்டாப்புகள் புதிதாக வந்திருந்தன, நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. பெரிய லேப்டாப்பின் விலையில் பாதிதான். அடுத்த வெள்ளிக்கிழமை கைப்பையில் தராசைப் போட்டுக்கொண்டு ருவி கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் வெள்ளை அங்கி அணிந்த ஓமானியர், என் வயதுதான் இருக்கும். படிக்கிற பெண்ணுக்கு என்றதும் ஒரு பெரிய லேப்டாப்பை எடுத்து வைத்தார். சலுகை விலையாம், சின்னதைவிடக் கொஞ்சம்தான் கூட. திரை அகலம், சிடி போடும் தட்டும் உண்டு. நான் தராசை எடுத்து நீட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. பொருளைக் கேலி செய்கிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். “ஹாதா தமாத்தம் மாஃபி” என்றார், இது தக்காளி இல்லை என்று.

எனக்குத் தெரிந்த அரபி இருபது வார்த்தை. அதில் மகளும் கல்லூரியும் இருந்தன, தோள்பையும் ரயிலும் இல்லை. ஆகவே நடித்துக் காட்டினேன். ஒரு கையால் மேலே கம்பியைப் பிடித்து, இன்னொரு தோளில் பையைத் தொங்கவிட்டு, கடைக்கு நடுவில் நின்று ஆடினேன். கத்திவாக்கத்தில் ரயில் ஏறுகிறவர்களுக்கு அந்த ஆட்டம் தெரியும். எனக்கே என்னை நம்ப முடியவில்லை. கடைக்காரர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரிக்காமல், ஒரு பிளாஸ்டிக் பையில் சின்ன லேப்டாப்பை வைத்து, என் தராசை வாங்கி, தன் கையாலேயே தூக்கிக் காட்டினார். பெரியதையும் தூக்கினார். பெரியது இரண்டரைக் கிலோவைத் தாண்டியது. சின்னது ஒன்றரைக் கிலோகூட வரவில்லை.

ஆனாலும் அவருக்கு மனது வரவில்லை. சின்னதன் எழுத்துகள் மேல் தன் விரலை வைத்துக் காட்டினார். ஒரு விரல் இரண்டு எழுத்தை மூடியது. டைப் அடிக்கக் கஷ்டம் என்கிறார். நான் என் சுண்டுவிரலைக் காட்டி, என் மகள் விரல் இவ்வளவுதான் என்றேன். அதற்குத்தான் அவர் சிரித்தார். சிடி தட்டு இல்லை, பென் டிரைவில்தான் எல்லாம் ஏற்றவேண்டும், ஒரே நேரத்தில் நிறைய வேலை கொடுக்கக்கூடாது, படிக்க எழுதப் போதும் என்று பொறுமையாகப் புரியவைத்தார். பேட்டரி ஆறு மணி நேரம் நிற்கும் என்று ஆறு விரலை விரித்தார். பஞ்சு வைத்த ஓர் உறையைச் சும்மா கொடுத்தார். இந்த ஊரில் என்னை உட்காரவைத்து ஒரு பொருளை விளக்கிய முதல் மனிதர் அவர். சலவைக்கூடத்துச் சீருடையோடுதான் போயிருந்தேன். அதை அவர் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வாரம் ஊருக்குப் போனவள் ரமணம்மா. சலவைக்கூடத்தில் என் விரிப்புக்கு மறுமுனை பிடிப்பவள். நெல்லூர்க்காரி, சென்னையில் இறங்கித்தான் போவாள். ஒரு பகல் முழுக்க லேப்டாப்பை சார்ஜ் போட்டு, உறையில் வைத்து, சார்ஜரையும் சேர்த்து அவள் முன்னால் தராசில் மாட்டினேன். இந்த நாட்டு வழக்கப்படி சார்ஜருக்கு ஒரு தடித்த மூன்று கால் வயர் வேறு. முள் இரண்டைத் தாண்டி நின்றது. ரமணம்மா குனிந்து பார்த்தாள். “ரெண்டு கிலோ அண்ட்டே ரெண்டு கிலோதான் அக்கா” என்று சொல்லிவிட்டு டாங் ஜூஸ்பவுடர் டப்பாக்களை அடுக்கப் போய்விட்டாள். கொஞ்சம்தான் கூடுதல். கேட்டிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

உறையை எடுத்திருந்தால் சரியாகியிருக்கும். லேப்டாப் உடைந்துவிடுமோ என்று பயம். சார்ஜரை எடுத்துவிட்டேன். எர்ணாவூரில் எங்கள் மாடியில் எட்டு வீட்டுக்குச் செல்போன் சார்ஜர் ஒன்றுதான் இருந்தது. ஒல்லிக்குச்சி சார்ஜர் என்று பெயர். காலையில் எங்கள் வீட்டில் இருக்கும், மதியம் எதிர்வீட்டில் இருக்கும், காணோமென்றால் பேர் சொல்லிக் கத்தினால் எந்தக் கதவிலிருந்தாவது வரும். லேப்டாப் சார்ஜரும் அப்படித்தான், ஊரில் யாரிடமாவது இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் அறை வியாசர்பாடிப் பெண் ஸ்டெல்லா பத்து நாளில் ஊருக்குப் போவதாக இருந்தது, அவளிடம் கொடுத்துவைத்தேன்.

ரமணம்மா விமான நிலையத்திலேயே பொருளை ஏழுமலையிடம் சேர்த்துவிட்டாள். அன்று போன் செய்தபோது அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. “இன்னாமே இது, டிபன் டப்பா கணக்கா கீது. இதுக்குள்ள மூணு வருஷப் படிப்பும் அடங்குமா? மாடியே வந்து பாத்துகினு கீது, உள்ள நிக்க எடமில்ல.” கௌதமி போனை வாங்கி, “ம்மா” என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஸ்டெல்லாவுக்குப் பதிலாக வரவேண்டிய பெண்ணுக்கு விசா தாமதமாகி, அவள் லீவு தள்ளிப்போனது. சென்னைக்குப் போக வேறு ஆள் இல்லை. வீட்டுக்குப் போன் செய்து சார்ஜருக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். “ரிச்சி தெருவுல வாங்கியாந்துட்டேன்மே, நீ பேஜார் ஆவாத” என்றார் ஏழுமலை. மகளிடம் கேட்டேன். “ஆமாம்மா, நல்லா வேலை செய்யுது” என்றாள். துணிக்கடைப் பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு ஸ்டெல்லா ஊருக்குப் போனாள். எங்கள் வீட்டிலிருந்தே எனக்குப் போன் செய்தாள்.

“அக்கா, இன்னாக்கா நீ இப்டி பண்ணிட்ட? சார்ஜரக் கையில குடுத்தேன், உம்பொண்ணு அத்த மடியில வெச்சிகினு அழுதுகினே கீது. அண்ணன் ரிச்சி தெருவுல வாங்கவே இல்லியாம். எந்தக் குச்சியும் இதுக்கு சேரலியாம். ஒரு கடையில பொட்டிய வுட்டுட்டுப் போ, பாக்கறோம்னாங்களாம். இவரு நம்பாம தூக்கியாந்துட்டாராம்.”

பின்னணியில் ஏழுமலை, “ஏய், அத்த ஏம்மே சொல்ற” என்று அதட்டுவது கேட்டது. பிறகு கௌதமி பேசினாள். என்னிடம் பொய் சொன்னதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் மெதுவாக எல்லாம் வந்தது. ஆறு மணி நேரத்தில் அரை மணி நேரம் மாடிக்காரர்கள் பார்த்ததில் போய்விட்டதாம். மிச்சத்தைப் பங்கு போட்டு, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் மட்டும் திறந்திருக்கிறாள். புராஜெக்ட் முழுவதையும் முதலில் நோட்டில் கையால் எழுதி, தப்புப் பார்த்து, திருத்தி வைத்துக்கொள்வாளாம். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுத்துப் பலகையை அப்படியே வரைந்து, அதன்மேல் விரலை ஓட்டிப் பழகினாளாம், திறந்ததும் ஒரு விநாடி வீணாகக்கூடாது என்று. “அதுல பழகிப் பழகி இப்ப நான் பாக்காமலே டைப் அடிப்பேன்மா. லேப்ல என்னையத்தான் உக்கார சொல்றாங்க” என்றாள். புராஜெக்டைப் பென் டிரைவில் ஏற்றி லேபில் இயக்கிக் காட்டியிருக்கிறாள். அதற்கு முன்தினம்தான் பேட்டரி நின்றுபோனதாம்.

நான் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். லீவு முடிந்து வந்திருந்த ரமணம்மா வந்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். “நோரு லேதா நீக்கு? வாய் இல்லையா உனக்கு? ஒரு வார்த்த கேட்டிருந்தா எங்க வீட்டாரோட சோப்புல ரெண்ட எடுத்து வெளிய போட்டிருப்பேனே. அந்தாளு குளிக்கறதே அபூர்வம்.” அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அடுத்த நாள் அறைக்கூட்டம் போட்டு, பிள்ளைகளின் படிப்புக்கானது என்றால் எடை பார்ப்பதில்லை என்று அவளே விதியை மாற்றினாள். இன்றுவரை அது அப்படியேதான் இருக்கிறது.

வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்ல இரண்டே விஷயம்தான். பெண் பிள்ளை தினமும் சுமக்கப்போகிறதென்றால் சின்னதே போதும், திரை சிறியது என்று கவலைப்படவேண்டாம். சார்ஜரையும் லேப்டாப்பையும் ஒரே ஆளிடம் கொடுங்கள். மற்றதெல்லாம் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

போன மாதம் நானே லீவில் ஊருக்குப் போனேன். கௌதமி கடைசி வருஷப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாயில் உட்கார்ந்து அவள் விரல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக எண்ணூர்ப் பக்கத்துப் புகையும் கருவாட்டு வாசமும் வந்தன. கீழே தண்ணீர் லாரிக்குச் சண்டை. ஒன்றும் மாறவில்லை என்று சந்தோஷமாக இருந்தது. திரையின் மூலையில் மணி இரண்டு என்று இருந்தது. மதிய ஷிப்டு மணி. என்னையறியாமல் எழுந்து புடவையைத் தட்டி, கொடியில் சீருடையைத் தேடினேன்.

“எங்கமே கெளம்பிட்ட?” என்றார் ஏழுமலை, எனக்கான டீ தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு.

சுவரில் மணி மூன்றரை. கௌதமி என்னையும் திரையையும் பார்த்தாள். “அது உன் ஊர் நேரம்மா” என்றாள். கடையில் வைத்துக் கொடுத்த நேரமாம், அவள் மாற்றவே இல்லையாம். “நீ இப்ப வேலைக்குப் போவ, இப்ப சாப்புடுவன்னு பாத்துக்கினே படிப்பேன். இன்னிக்கு மாத்திடட்டுமா?”

நான் வேண்டாமென்று சொல்லி உட்கார்ந்தேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. அதைக் குடித்துக்கொண்டே, இந்நேரம் ரமணம்மா தனியாக ஈர விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனைக்கு யார் வருவார் என்று பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.