கிருஷ்ணகுமாரிக்கு வந்து சேர்ந்த நான்கு போன்கள்

கிருஷ்ணகுமாரி தன் நாற்பத்தாறு வயதுக்குள் கடைக்குப் போய் ஒரு போன் வாங்கியதில்லை. இருந்தும் மூன்று வருடத்துக்குள் அவள் கையில் நான்கு ஸ்மார்ட்போன்கள் மாறிவிட்டன. யட்டியாந்தோட்டைக்கு மேலே அவள் ரப்பர் பால் வெட்டும் தோட்டத்தில் பீல்ட் ஒபிசர் ஐயாவுக்குக்கூட அந்த யோகம் வாய்க்கவில்லை.

எல்லாம் ஒரே மகன் மதுசனின் உபயம். அவன் அவிசாவளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தான். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவான். எட்டு மாதத்துக்கு ஒரு தடவை புதுப் போனோடு வருவான். பழையது அம்மாவுக்கு.

முதல் போன் வந்தபோது, “இதுல இடம் நிறைஞ்சு போச்சும்மா” என்றான். இரண்டாவதுக்கு, “ரொம்ப ஸ்லோவா இருக்கு.” மூன்றாவதுக்கு கெமரா சரியில்லை என்றான். நான்காவதை நீட்டும்போது காரணம் எதுவும் கையிருப்பில் இல்லை போலிருக்கிறது. “கலர் புடிக்கல” என்று சொல்லிவிட்டு அவசரமாகக் குளிக்கப் போய்விட்டான்.

அவள் கணவன் செல்லையா ரப்பர் பக்டரியில் வேலை செய்பவன். அவனிடம் ஒன்பது வருடமாக ஒரே பட்டன் போன். அதன் மூடி உடைந்து, ரப்பர் பட்டி போட்டுக் கட்டியிருந்தான். “மணி அடிக்குது, பேசுனா கேக்குது. வேறென்ன செய்யணும் அது? சோறு வடிக்கணுமா?” என்பான்.

மகனின் போன் வந்தால் போன் மட்டும் வராது, மகனின் பாதி வாழ்க்கையும் கூடவே வரும். ஒரு போனில் அவன் வைத்திருந்த அலாரம் ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரை கனைப்பது போல அலறியது. அதை நிறுத்தத் தெரியாமல் இரண்டு வாரம் போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள். இன்னொன்றில் முகத்தைப் பார்த்துத் திறக்கும் பூட்டு இருந்தது. மதுசனின் முகத்துக்கென்று வைத்த பூட்டு, அவள் முகத்தைக் கண்டதும் திறந்துகொண்டது. லயத்து வரிசை வீடுகள் முழுக்க அதைக் காட்டினாள். “அவன் அப்பா சாயல்னு சொன்னவங்கல்லாம் வாங்க, வந்து பாருங்க!” செல்லையா தன் முகத்தையும் காட்டிப் பார்த்தான். போன் அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. அன்றைக்கு அவன் இரண்டு வாய் சோறு குறைவாகத்தான் சாப்பிட்டான்.

யூடியூபும் மகனுடைய கணக்கிலேயே இருந்தது. அது மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் வீடியோக்களாக எடுத்துப் போட, வேறு வழியில்லாமல் அவற்றைப் பார்க்கத் தொடங்கினாள். ஒரு நாள் காலையில் மலையடிவாரத்தில் பைக் ஸ்டார்ட் ஆகாமல் உதைத்து உதைத்து வியர்த்து நின்ற பீல்ட் ஒபிசரிடம், பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு, “ஐயா, பிளக்கக் கழட்டிப் பாத்தீங்களா?” என்றாள். கோளாறு பிளக்கில்தான். அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்க்கும் பார்வையில் கொஞ்சம் பயமும் சேர்ந்துகொண்டது. அந்தப் பக்கம் மதுசனுக்கோ, கூட்டாளிகள் நடுவில் போனைத் திறந்தால் அம்மன் பாட்டும் கருவாட்டுக் குழம்பு செய்முறையும் வந்து நின்றன.

அந்தப் போன்களில் அவளுக்கு விளங்காத ஒன்று இருந்தது. அம்மாவிடம் கொடுக்கும் முன்பு தன் படங்களையெல்லாம் அழித்துவிடுகிற மதுசன், ஒரே ஒரு படத்தை மட்டும் விட்டுவைத்திருப்பான். கடை மேசை ஒன்றில் மஞ்சள் பிளாஸ்டிக் பூச்சாடி. அதன் பக்கத்தில் பச்சை வளையல் போட்ட ஒரு கை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று மூன்று போன்களிலும் அதே பூச்சாடி, அதே வளையல். ‘பூச்சாடி மேல என்ன ஆசை இவனுக்கு?’ என்று நினைத்துக்கொண்டாள்.

நான்காவது போனுக்கு வினை ரப்பர் பாலால் வந்தது. வாளி தளும்பி, ஏப்ரன் பைக்குள் பால் இறங்கி, சார்ஜ் குத்துகிற ஓட்டையை அடைத்துவிட்டது. மறுநாள் போன் கண் திறக்கவில்லை. யட்டியாந்தோட்டை பஜாரில் காட்டினாள். அந்தக் கடைக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு, “புதுசு ஒண்ணு எடுங்க” என்றார். ஓட்டைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் தேடி எடுத்தாள். உள்ளே உத்தரவாத அட்டை. நிலாம் செலுலர், ருவான்வெல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவிசாவளையில் தடுக்கி விழுந்தால் போன் கடை. யட்டியாந்தோட்டையிலும் நாலு இருக்கிறது. இவன் ஏன் வருகிற வழியில் கரவனல்லையில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, ருவான்வெல்லைக்குப் போய் வாங்குகிறான்?

அடுத்த நாள் விடிந்தபோதே மழை. மழை என்றால் பால் வெட்டு இல்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கடை சின்னது. மேசைக்குப் பின்னால் சீருடைச் சட்டையோடு ஒரு பெண். சட்டையில் குத்தியிருந்த பெயர் சிங்கள எழுத்தில் இருந்தது. கிருஷ்ணகுமாரிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, எழுத்து மட்டும் ஏறவில்லை.

“மொனவத அம்மே?” என்று, என்ன வேண்டும் எனச் சிங்களத்தில் கேட்டாள் அந்தப் பெண்.

“சார்ஜ் வென்னே நே, துவே.” சார்ஜ் ஏறுவதில்லை மகளே என்று இவள் போனை நீட்டினாள்.

எத்தனை நாளாக இப்படி, தண்ணீரில் விழுந்ததா, வேறு சார்ஜர் போட்டுப் பார்த்தீர்களா என்று பேச்சு முழுக்கச் சிங்களத்தில் ஓடியது. பெண் ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தாள். பார்த்தவள் தன்னை மறந்து, “ஐயோ கடவுளே, இது ஒட்டுப்பாலுல்ல!” என்றாள்.

“அடிப்பாவி, நீ தமிழா?”

“நீங்களும் தமிழா!”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் உள்ளறையிலிருந்து முதலாளி நிலாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பெண்ணின் பெயர் கலைச்செல்வி. பக்கத்துத் தோட்டம். அவள் அம்மாவும் பால் வெட்டுகிறவள்தான். உலர்ந்து ஒட்டிப்போன பாலை எப்படி எடுப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஊசி முனையால் ஓர் ஓரத்தை நெம்பி, நூல் போல மெல்ல இழுத்தாள்.

“போன் நல்லாத்தாம்மா இருக்கு. யாரோ புதுசு வாங்கச் சொல்லியிருப்பாங்களே?”

“சொன்னாங்க.”

“சொல்லுவாங்க. இங்க பத்துப் பேரு போன் மாத்த வந்தா, ரெண்டு பேரோட போன்தான் நெசமாவே செத்திருக்கும். ஒருத்தருக்குத் தம்பி பொண்டாட்டி புதுசு வாங்கிட்டா, அதைப் பாத்துட்டுத் தூக்கம் வரல. ஒருத்தருக்குக் கல்யாண வீட்டுல போனைப் பையிலருந்து எடுக்க வெக்கம். போன வாரம் ஒருத்தர், கடன் குடுத்தவருக்கு நம்பர் தெரிஞ்சிருச்சுன்னு போனையே மாத்துறாரு. நம்பரை மாத்தினாப் போதும்னு சொன்னேன், கேக்கல.”

“நீ என்ன போன் வச்சிருக்க?”

கலைச்செல்வி இழுப்பறையிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினாள். கண்ணாடி சிலந்திவலை போல வெடித்திருந்தது. “அஞ்சு வருசம். பெட்டரி மட்டும் ஒருக்கா மாத்தினேன்.”

அதை வாங்கிப் பார்க்கக் குனிந்தபோதுதான் கிருஷ்ணகுமாரியின் கண்ணில் அது பட்டது. மேசை ஓரத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பூச்சாடி. அதன் பக்கத்தில் பச்சை வளையல் போட்ட கை. ருவான்வெல்லைக்கு வேறு பஸ் பிடித்து வரும் காரணம் பூச்சாடி அல்ல என்பது மட்டும் புரிந்தது.

போன் உயிர் பெற்றது. கலைச்செல்வி உத்தரவாத அட்டையைப் புரட்டினாள். “இது மதுசன் அண்ணன் எடுத்த போனாச்சே. உங்களுக்கு எவ்வளவுக்கு வித்தாரு?”

“வித்தானா?”

“அவரு யாவாரிதானே? எங்ககிட்ட வாங்கித் தோட்டத்துல விக்கிறவரு. நாலு போன் எடுத்துட்டாரு. ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் நின்னு, பெட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்னு மட்டும் கேப்பாரு. வேற ஒரு வார்த்தை பேசமாட்டாரு. கெமரா சோதிக்க இந்தப் பூச்சாடியைப் படம் புடிச்சுக் காட்டுவேன். வாங்கிட்டுப் போயிருவாரு.”

கிருஷ்ணகுமாரி ஒரு நிமிடம் யோசித்தாள். மகனின் மானம் ஒரு பக்கம், சிரிப்பு மறு பக்கம். சிரிப்பே வென்றது.

“அவன் யாவாரி இல்லம்மா. என் மகன். விக்கவும் இல்ல. உங்க கடையில எடுத்ததுல ரெண்டு எங்க வீட்டு அலுமாரியில கெடக்கு. ஒண்ணு இது. இப்ப கையில வச்சிருக்கிறதும் எட்டு மாசத்துல எனக்கு வந்துரும்.”

கலைச்செல்வி கணக்குப் பார்க்காமலே விடையைக் கண்டுபிடித்துவிட்டாள் என்பது அவள் கழுத்திலிருந்து காதுவரை ஏறிய சிவப்பில் தெரிந்தது. இழுப்பறையைத் திறந்து, அதற்குள் இல்லாத எதையோ வெகு நேரம் தேடினாள். உள்ளேயிருந்து நிலாமின் குரல் மட்டும் வந்தது. “யா அல்லா! நான் அந்தப் பொடியனுக்கு யாவாரி வெலையெல்லோ போட்டுக் குடுத்தேன்!”

கிளம்பும்போது கலைச்செல்வி காசு வாங்கவில்லை. தலையைத் தூக்காமலே, “அவருக்கிட்ட சொல்லுங்கம்மா. இனி போன் மாத்த வேணாம். அது நல்ல போன். ஒரு கவர் போட்டாப் போதும்” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதுசன் வந்தான். தேநீரைக் குடித்துக்கொண்டே, போனைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, “இது ரொம்ப சூடாகுதும்மா” என்று ஆரம்பித்தான்.

“ஆகாம என்ன செய்யும்? அடுப்புப் பக்கத்துல ஒரு மணி நேரம் நின்னா யாருக்கும் சூடாகத்தான் செய்யும்.”

“எந்த அடுப்பு?”

“ருவான்வெல்ல அடுப்பு.”

தேநீர் புரையேறியது. செல்லையா மகனின் தலையில் தட்டினான், காரணம் தெரியாமலே. கிருஷ்ணகுமாரி எல்லாவற்றையும் சொன்னாள். யாவாரி என்று நினைத்திருந்தார்கள் என்ற இடத்தில் மதுசன் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டான்.

“மூணு வருசமா ஒரு வார்த்தை பேசலியாடா?”

“பேசலாம்னுதான் போவேன். என்ன வேணும், ‘மொகத ஓனே?’ன்னு அவ கேட்டதும் வாயில போன்னுதான் வருது.”

செல்லையா தன் ரப்பர் பட்டி போனை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, “உங்கம்மாவைப் பாக்கணும்னு நான் பால் நிறுக்கிற தராசு மடுவத்துல பத்து நாளு சும்மாவே நின்னேன். எனக்கு ஒரு சதம் செலவில்ல” என்றான்.

“நின்னீங்களா? எனக்குத் தெரியாதே!”

“தெரியாதுன்னு எனக்கும் தெரியாது” என்றான் செல்லையா. கிருஷ்ணகுமாரி அவனுக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றி வைத்தாள். பிறகுதான் மகனிடம் திரும்பி, அந்தப் பெண் சொன்னதை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்தாள்.

மதுசன் அந்த வாக்கியத்தை ஒரு வாரம் மென்றான். போன் மாற்ற வேண்டாம் என்றால் வர வேண்டாம் என்று அர்த்தமா? கவர் போட்டால் போதும் என்றால் கவர் வாங்க வரலாம் என்று அர்த்தமா? இரண்டு தடவை போன் பண்ணி அம்மாவிடம், “எந்த மொகத்தோட சொன்னா?” என்று கேட்டான். “குனிஞ்சுக்கிட்டு சொன்னா, மொகம் தெரியல” என்றாள் அவள்.

அடுத்த சனிக்கிழமை போய் ஒரு நீலக் கவர் வாங்கினான். அதற்கடுத்த வாரம் கறுப்புக் கவர். மூன்றாவது வாரம் கலைச்செல்வியே சிரித்துவிட்டு, “கவரும் போதும். வெளிய தேத்தண்ணிக் கடை இருக்கு, நாலரைக்கு எனக்கு வேலை முடியும்” என்றாளாம். இதை மதுசன் அம்மாவிடம் சொல்லவில்லை. கலைச்செல்விதான் சொன்னாள்.

தை பிறந்து இரண்டு வாரத்தில் கலைச்செல்வியின் அப்பாவும் அம்மாவும் லயத்துக்கு வந்தார்கள். மதுசன் புதுச் சட்டை போட்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். கலைச்செல்வியின் அம்மா உள்ளே வந்ததும் கிருஷ்ணகுமாரியின் விரல்களைப் பார்த்தாள். இவள் அவள் விரல்களைப் பார்த்தாள். பால் கறை ஏறிய கைகள் நாலும் ஒரே நிறம்.

“உங்க பக்கம் மரத்துப் பட்டை எப்பிடி?” என்று அவள் கேட்க, பேச்சு பிடித்துக்கொண்டது. எந்த டிவிஷனில் மரம் கிழடு, எந்தக் கணக்கப்பிள்ளை எடையைக் குறைப்பான், இந்த வருடம் மழை எத்தனை நாள் வெட்டைக் கெடுத்தது என்று இரண்டு மணி நேரம் ஓடியது. தேநீர் இரண்டு சுற்று வந்தது. கல்யாணம் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை.

கடைசியில் செல்லையாதான் தொண்டையைச் செருமினான். “அப்ப, சித்திரையில வச்சுக்குவமா?”

“எதை?” என்றார்கள் இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில்.