சுவரோடு பிணைத்த கணினி

குற்றம் கணினியினுடையதா, அதை இயக்கும் பெண்ணினுடையதா என்று மூன்று நாளில் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பை நான் கேட்டுப் பெறவில்லை, மறுக்கவும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மேனாம்பேட்டில் தமிழாசிரியனாக இருந்த நான், விடுமுறை நாள்களில் மண்ணூர்பேட்டையிலுள்ள ஒரு டி.டி.பி. கடையில் மெய்ப்புத் திருத்தி வந்தேன். கடை என்பது ஓர் அறை, அதில் ஒரு கணினி, ஓர் அச்சுப்பொறி. பூந்தமல்லிப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றின் பொன்விழா மலர் அந்தக் கணினியில்தான் பக்கம் பக்கமாக உருவாகிக்கொண்டிருந்தது. தட்டச்சு செய்தவள் ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து வந்த பெண். அவள் தந்தை ஓய்வு பெற ஓராண்டே இருந்தது. அதன்பின் வீட்டையும் காலி செய்ய வேண்டும். வேலையில் சேர்ந்து அவளுக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூன்றாம் மாத முடிவில் நிலைப்படுத்துவதாக உரிமையாளர் சொல்லியிருந்தார்.

கோளாறு இதுதான். எழுத்துகளைத் தட்டும்போது கணினி நன்றாகவே ஓடும். பக்கங்களைச் சேமிக்கும்போதோ, பெரிய படமொன்றைத் திறக்கும்போதோ, முகப்பிலுள்ள சிவப்பு விளக்கு சிமிட்டாமல் நிலைத்து எரியும். காத்திருக்கச் சொல்லும் மணற்கடிகை திரையில் தோன்றும். பிறகு ஒரு விசையை அழுத்தினால், அந்த எழுத்து அரை நிமிடம் கழித்தே வரும். சில வேளைகளில் எதுவும் வராது.

அம்பத்தூரிலிருந்து ஓர் இளைஞர் பழுது பார்க்க வந்தார். வைரஸ் உண்டா என்று தேடினார். ஹார்டு டிஸ்க் எனும் வட்டில் சிதறிக் கிடந்த கோப்புகளை ஒழுங்குபடுத்தினார். உள்ளிருந்த பட்டைக் கம்பியை மாற்றினார், நினைவகத்தைக் கூட்டினார். எதனாலும் பயன் இல்லாததால் கணினியைத் தம் கடைக்கே கொண்டுபோய் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். அங்கே எங்கள் கோப்புகளையே திறந்து நாற்பது முறை சேமித்தாராம், ஒருமுறைகூடத் தயங்கவில்லையாம்.

“மிஷின்ல ஒண்ணியும் இல்ல சார். ஓட்றவங்க கைலதான் இன்னாவோ கீது” என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

மறுநாள் கணினி மீண்டும் உறைந்தது. அதற்கடுத்த நாள் மின்சாரம் போய், அவள் சேமிக்காமல் வைத்திருந்த பதினோரு பக்கங்கள் அழிந்தன. விழாவுக்கு இரண்டு வாரமே இருந்தது. உரிமையாளர் அவளை ஒன்றும் கேட்கவில்லை. என்னை வெளியே அழைத்தார்.

“வாத்தியாரே, காலாண்டு லீவுதானே உங்களுக்கு? மூணு நாளு அந்தப் பொண்ணு பக்கத்துல குந்திகினு பாருங்க. அது மேல தப்புன்னா சொல்லிடுங்க. வேற ஆளு பாத்துக்கறேன்.”

குறிப்பேட்டோடு உட்கார்ந்தேன். முதல் நாள் நான் எழுதியவை நினைவிருக்கின்றன. ‘பத்து நாற்பது: கைகள் மடியில். சுவரைப் பார்த்திருக்கிறாள். பத்து ஐம்பத்தைந்து: சேமித்தாள்.’ நண்பகலிலும் அவ்வாறே. ஒன்றிரண்டு பக்கம் முடிந்ததும் சேமிக்க வேண்டியவள், ஐந்தாறு பக்கம் சேரும்வரை விடுவாள். பிறகு கைகட்டிக் காத்திருப்பாள். திடீரென்று விரைந்து சேமிப்பாள். காரணம் என்ன என்று நான் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் அவள் எச்சரிக்கை ஆகிவிடுவாள் என்று எண்ணினேன்.

இரண்டாம் நாள் மாலை உரிமையாளர் கேட்டார். “கவனம் போதவில்லை என்றே தோன்றுகிறது” என்றேன். சொல்லை அளந்து பேசியதாகவே அப்போது நினைத்தேன். சாப்பாட்டுப் பையை மறந்து திரும்பி வந்த அவள், வாசலில் நின்றிருந்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலை அவள் காத்திருக்கவில்லை. பத்தரை மணிக்கு என் பக்கம் திரும்பி, “பாருங்கய்யா, சேவ் பண்றேன்” என்றாள். விளக்கு எரிந்தது. மணற்கடிகை வந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று. அவள் விசைகளைத் தொடவே இல்லை. நாற்பத்து மூன்று பக்கங்கள் அந்தக் கோப்பில் இருந்தன. இந்நேரம் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று நினைத்தேன்.

சுவருக்கு அப்பால் ஏதோ சட்டென ஓய்ந்தது. ஓராண்டாக அந்த அறைக்கு வந்துபோன நான், அங்கே ஓர் ஓசை இருந்ததையே அது நின்றபோதுதான் உணர்ந்தேன். அடுத்த அறை தகடு வெட்டும் பட்டறை. தகட்டை அடித்து வெட்டும் பவர் பிரஸ் எந்திரம் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்ற சில நொடிகளில் விளக்கு சிமிட்டத் தொடங்கியது, மணற்கடிகை மறைந்தது. பட்டறையில் மீண்டும் அடி விழுந்தது. அவள் மீண்டும் சேமித்தாள். கணினி மீண்டும் உறைந்தது.

“அங்க டீக்கு நிறுத்துவாங்க, இல்ல வெட்டுற டை மாத்துவாங்க. அப்போதான் நான் சேவ் பண்ணுவேன். ஓடும்போது பண்ணி ஒரு தடவை ஃபைலே போச்சு. காத்திருந்தா சோம்பேறின்னு எழுதறீங்க. இதை என்னன்னு எழுதுவீங்கன்னு பார்க்கலாம்னுதான்.”

“முன்பே சொல்லியிருக்கலாமே அம்மா.”

“ரிப்பேருக்கு வந்தவர்கிட்ட சொன்னேன். ‘மேடம், உங்க கம்ப்யூட்டருக்குக் காதுகூட கீதா?’ன்னு சிரிச்சாரு. ஓனர் அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது? மேசையைப் போட்டது யாரு?”

பட்டறைக்காரர் எங்கள் உரிமையாளருடைய மனைவியின் தம்பி. அவள் வேலையில் சேர்வதற்குச் சற்று முன் அந்தத் தெருவில் ஒரு கடையில் கணினி திருடுபோக, அவரே இரும்புச் சட்டங்களை வெல்டு வைத்து மேசை செய்து, நான்கு போல்ட்டுகளால் பொதுச் சுவரில் இறுக்கி, கணினிப் பெட்டியையும் அதனோடு பிணைத்துக் கொடுத்திருந்தார். அங்கே விழுந்த ஒவ்வோர் அடியும் சுவர்வழி, போல்ட்டுவழி, வட்டுவரை சென்றிருக்கிறது. வட்டின் மீது மயிரிழை இடைவெளியில் நகர்ந்து எழுதும் முனை, அதிர்வில் தடம் தவறித் தவறி, எழுதியதையே மீண்டும் மீண்டும் எழுத முயலும் என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். பழுது பார்த்தவர் கடையில் அந்தச் சுவர் இல்லை.

மதியம் உரிமையாளர், பட்டறைக்காரர் இருவரையும் அழைத்து, கண்டதைச் சொன்னேன். பட்டறைக்காரருக்கு முகம் சுருங்கியது.

“மாமா, லாரி ஏறினாலும் அசையாத டேபிளு இது. இத்தப் போயி கொற சொல்றாரு வாத்தியாரு.”

“அசையாததுதான் குறை” என்றேன்.

“இன்னா சார் சொல்றீங்க, ஒண்ணியும் பிரியல” என்றார் பட்டறைக்காரர்.

“பெட்டியைக் கழற்றுங்கள். உங்கள் எந்திரம் ஓடட்டும்.”

கணினியை நிறுத்தி, பிணைப்பைக் கழற்றினோம். வேறு மேசை அறையில் இல்லை. முக்காலியில் உட்கார்ந்து பெட்டியை என் மடியில் வாங்கிக்கொண்டேன்; கம்பிகள் அதற்கு எட்டின. “பாத்து வாத்தியாரே, கொயந்த மாதிரி புட்சிக்கோங்க” என்றார் உரிமையாளர். யாரும் சிரிக்கவில்லை. அவள் கணினியை மீண்டும் இயக்கினாள். பெட்டியின் சூடு வேட்டியின் ஊடாகத் தொடையில் ஏறிற்று. அப்பால் பவர் பிரஸ் அடிக்கத் தொடங்கியது. தோல்வியுற்றால் அவளுக்கு நாளை வேலை இல்லை. அதற்கான சொல்லை நான் முந்தின நாளே கொடுத்துவிட்டேன்.

அவள் சேமித்தாள். சிவப்பு விளக்கு படபடவெனச் சிமிட்டி அணைந்தது. நாற்பத்து மூன்று பக்கங்களுக்குப் பத்து நொடிகூட ஆகவில்லை. உரிமையாளர் மறுபடியும் செய்யச் சொன்னார். அவள் ஏழு முறை செய்தாள்.

“நேற்று நான் சொன்னது பிழை. அவளிடம் ஒருமுறைகூடக் கேட்காமல் சொன்னேன்” என்றேன்.

உரிமையாளர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். “சரி, வுடுங்க. நாளைக்கு வந்துடும்மா.”

“நாளைக்கு மட்டுமாண்ணா?”

அவர் மைத்துனரைப் பார்த்தார், போல்ட்டுகளைப் பார்த்தார். “மூணு மாசம்லாம் இனிமே இல்ல. இன்னிலேருந்தே உன்னோட வேலதான். போய்ச் சாப்புடு.”

மறுவாரம் கணினி எதிர்ச்சுவரோரம் ஒரு மரமேசைக்கு மாறியது. மலரும் விழாவுக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தது. நான் அங்கு மேலும் இரண்டாண்டுகள் மெய்ப்புத் திருத்தினேன். அவள் என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டாள். ஆனால் நான் அறையில் இருக்கும்போதெல்லாம், ஒவ்வொரு முறை சேமிப்பதற்கு முன்பும், திரையிலிருந்து கண் எடுக்காமல், “சேவ் பண்றேன்யா” என்பாள். ஒரு நாளில் முப்பது முறையாவது கேட்பேன். என்னிடம் சொல்லிவிட்டுச் சேமிக்க வேண்டாம் அம்மா என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுப்பேன். அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றும். “சரியம்மா” என்று மட்டும் சொல்லி மெய்ப்புக்குத் திரும்புவேன்.