சாரதாம்மாவின் கைப்பக்குவம்

சாரதாம்பாளுக்குச் சமைக்கப் பிடிக்காது. செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வக்கீல் குமாஸ்தாக்கள் கட்டுகளோடு நிற்பார்கள். மதியச் சாப்பாடு பக்கத்து மெஸ்ஸிலிருந்து வரும். ராத்திரிக்குப் பரோட்டா. வீட்டில் அடுப்பு எரிந்தால் யாருக்கோ காய்ச்சல், கஞ்சி வைக்கிறார்கள் என்று பொருள்.

புருஷன் லாரி ஓட்டப் போய் விபத்தில் இறந்தபோது மகள் ஜெயப்பிரியா சின்னக் குழந்தை. அந்த மெஷினை நம்பியே மகளை கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்க வைத்தாள்.

அப்படிப்பட்டவளின் முகம் கருவாட்டுத் தொக்கு பாட்டிலில் சிரித்தது.

தொக்கு கார்த்தியுடையது. ஜெயப்பிரியாவோடு படித்தவன். நாவலூரில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கிய நாட்களில், வாசனைக்காக வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கி வாங்கி அவன் பிடித்த பக்குவம். இருவரும் வேலையை விட்டுவிட்டுத் திருப்போரூரில் சின்னதாக ஒரு யூனிட் போட்டார்கள். எவ்வளவு ஈரம் நின்றால் பூஞ்சை வரும், எந்தச் சூட்டில் பாட்டிலை மூட வேண்டும் என்பதெல்லாம் ஜெயப்பிரியாவுக்குத் தெரியும். விற்கத் தெரியாது. புதிதாகத் தொழில் தொடங்கியவர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போனார்கள். பிராண்டிங் சொல்லிக்கொடுக்க வந்தவர், "பொருளுக்கு ஒரு முகம் வேணும். முகத்த நம்பித்தான் வாங்குவாங்க," என்றார்.

முதலில் கார்த்தியின் முகத்தை வைத்துப் பார்த்தார்கள். தாடியும் அவனுமாக, போலீஸ் தேடுகிற ஆள் போல இருந்தான்.

"அம்மாவப் போட்டுடலாம்," என்றான்.

சாரதாம்பாள் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "டேய், என் லட்சணம் தெரிஞ்ச மெஸ்காரன் பக்கத்துலயே கீறான். அவன் வாயத் தொறந்தா உன் பாட்டில் போணியாவுமா?"

"அவருக்கு ரெண்டு பாட்டில் குடுத்து வாய அடச்சிடறேன்மா."

"இன்னாமோ பண்ணித் தொலைங்க. சட்டுனு எடு, பத்திரம் காப்பி எடுக்க ஆள் வந்துகினு கீறான்."

கரண்டி மெஸ்ஸில் வாங்கியது. பச்சைப் பட்டுப்புடவை கட்டி, அந்தக் கரண்டியைப் போலீஸ்காரர் லத்தி பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நின்றாள். கார்த்தி ஏதோ கேலி செய்தான். அவள் சிரித்த நொடியில் படம் விழுந்தது. 'சாரதாம்மாவின் கைப்பக்குவம்' என்று பெயரும் வைத்தார்கள்.

எடுபட்டது. மறைமலைநகரிலிருந்து படாளம் வரை ஜிஎஸ்டி ரோடு கடைகளில் அவள் போஸ்டராகத் தொங்கினாள். பஸ்ஸில் பெண்கள் அடையாளம் கண்டுகொண்டு பக்குவம் கேட்டார்கள். கார்த்தி சொல்லிக் காதில் விழுந்ததை அவர்களிடம் ஒப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்து மகளிடம் எரிந்து விழுவாள்.

"மொளகாத்தூளா, அரைச்ச மொளகாயான்னு ஒருத்தி வுட மாட்றா. நான் இன்னாத்த சொல்றது? பேஜாரா கீதுடி. வேற ஆளப் பாரு."

"அடிச்ச லேபிள் தீரட்டும்மா. மாத்திடலாம்."

ஆடி மாதத்தில் ஒரு காலை, யாருடைய ஆதார் அட்டையையோ நகலெடுத்துக்கொண்டிருந்தவள் மெஷின் மேலேயே சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் நாடி பார்த்துவிட்டுக் கையை விட்டார்கள். லேபிள் இன்னும் தீரவில்லை.

இரங்கல் பேனருக்குப் படம் தேடினால் ஒன்றும் உருப்படியாக இல்லை. எந்த விசேஷத்திலும் அவள் கடையைச் சாக்கிட்டுப் படம் எடுக்கும் முன் கிளம்பிவிடுவாள். கடைசியில் லேபிள் படத்தையே எடுத்தார்கள். ஃப்ளெக்ஸ் கடை ஏசுதாஸ் கரண்டியை அழித்துவிட்டு மாலையும் விளக்கும் சேர்த்துக் கொடுத்தார்.

ஜெயப்பிரியா யோசிக்காத ஒன்று அடுத்து நடந்தது. பேனரைப் பார்த்த கடைக்காரர்கள், தங்கள் கடையில் தொங்கிய தொக்கு போஸ்டருக்குக் குங்குமம் வைத்தார்கள். மரியாதைதான். செத்தவர் படத்தை வெறுமனே விட அவர்களுக்கு மனம் வரவில்லை. பொட்டு வைத்த படத்துக்குக் கீழே அதே முகத்தோடு பாட்டில்கள். வாங்க வந்த பெண்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். பெட்டிகள் திரும்பி வந்தன. அவற்றை அடுக்கும்போதெல்லாம் அம்மாவின் முகம் வெளியே தெரியாதபடி ஜெயப்பிரியா திருப்பி அடுக்கினாள்.

யூனிட்டை இழுத்து மூடாமலிருக்க ஒரு வழிதான் மிச்சம். ஓஎம்ஆர் அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களில் வரிசையாகக் கடை போட்டிருந்த நிறுவனம் ஒன்று, சின்னத் தயாரிப்பாளர்களோடு கூட்டு வைத்துக்கொள்ள நாவலூரில் சந்திப்பு நடத்தியது. கொள்முதல் பார்ப்பவர் பத்ரி. ஜெயப்பிரியா ஏசுதாஸுக்கு போன் செய்து, "அண்ணா, அம்மா படம் போட்டு ஒரு ஸ்டாண்டி. கீழ பாட்டில்," என்றாள். அதற்கு மேல் பேசத் தெம்பில்லை.

சந்திப்பு அறையில் கார்த்தி ஸ்டாண்டியில் சுருண்டிருந்த பேனரைப் பிடித்து மேலே இழுத்தான். முதலில் இரண்டு விளக்குகள் வந்தன. பிறகு ரோஜா மாலை. மாலைக்குள் அம்மா. அடியில் தொக்கு பாட்டில்.

கார்த்தி ஏசுதாஸுக்கு போன் போட்டுக்கொண்டே வராந்தாவுக்கு ஓடினான்.

"யோவ் அண்ணாத்த, இன்னாத்த அடிச்சி வெச்சிகிற?"

"நீங்கதானப்பா அம்மா படம்னு சொன்னீங்க. முப்பதாம் நாளு கும்புடறது வருதேன்னு நானே மால போட்டேன். டிசைனுக்கு டப்பு வாணாம், வுடு."

பத்ரி மாலையிட்ட படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா எப்போ?"

"போன மாசம் சார்."

உண்மையாகவே வருந்துவது போலத்தான் இருந்தது. பிறகு பாட்டிலைக் கையில் எடுத்தார். "நான் இதைச் சாப்பிட மாட்டேன். ஆனா நன்னா விப்பேன். இந்தப் படத்த மாத்தாதீங்கோ. 'அம்மா விட்டுப்போன ருசி'. ஓஎம்ஆர்ல இருக்கற பசங்க அத்தன பேரும் அம்மாவ விட்டுட்டு வந்தவா. எங்க எல்லாக் கடையிலயும் வெச்சிடறோம். நீங்க மட்டும் கேமரா முன்னாடி ரெண்டு வார்த்த பேசணும். அம்மா எப்படி ஊட்டுவா, கடைசியா உங்களுக்கு என்ன சமைச்சா, அதான். அழுகை வந்தா வரட்டும்."

திரும்பி வந்த கார்த்தி வாசலிலேயே நின்று தலையாட்டினான். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

கடைசியாக அம்மா தந்தது ஒரு பரோட்டாப் பொட்டலம். சால்னா கசிந்து ஜெயப்பிரியாவின் பையெல்லாம் எண்ணெய். அதற்கு இருவருக்கும் சண்டை.

"எங்கம்மா சமைக்க மாட்டாங்க சார்," என்றாள்.

"என்ன?"

"அவங்க ஜெராக்ஸ் கடை வெச்சிருந்தாங்க. தொக்கு இவன் பண்றது."

பத்ரி கார்த்தியின் தாடியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "சரக்கு நன்னா இருக்குன்னு எங்க ஆளுங்க சொல்றா. எங்க கடைப் பேர்ல போட்டுத் தரேளா? எங்க லேபிள். தயாரிப்பாளர் விவரம் பின்னாடி சின்னதா வரும்."

"சார், அந்தப் பேர நாங்க தெருத் தெருவா…" என்று தொடங்கினான் கார்த்தி.

"தரோம்," என்றாள் ஜெயப்பிரியா.

வெளியே டீக்கடையில் கார்த்தி கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரே நிமிஷத்துல பிராண்ட காலி பண்ணிட்ட. இனிமே நாம வெறும் கூலிக்கு அரைச்சித் தர்ற ஆளுங்க. அம்மாவே இருந்திருந்தா, போட்டுக்கடான்னு சொல்லியிருப்பாங்க."

"சொல்லியிருப்பாங்க."

"அப்புறம்?"

"செத்த பெறவும் அவங்களே கரண்டியப் புடிச்சிகினு நிக்கணுமா?"

அவன் ஆறிப்போன டீயைக் கீழே ஊற்றினான். மறுநாள் வேலைக்கு வந்தான். கருவாட்டை அலசினான். வேலையைத் தவிர வேறு பேச்சில்லை.

போஸ்டர்களைக் கழற்ற ஜெயப்பிரியாவே கிளம்பினாள். கடை கடையாக ஸ்டூல் கேட்டு ஏறினாள், இறங்கினாள். விசாரித்தவர்களுக்கெல்லாம் ஒரே பதில் சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்தது. படாளத்தில் சதாசிவத்தின் மளிகைக் கடைக்கு வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. படத்துக்கு அன்று காலை வைத்த பூ இன்னும் வாடவில்லை.

"இன்னா பாப்பா, கழட்டறியா?"

"இனிமே தொக்கு இந்தப் பேர்ல வராது பெரியப்பா."

"தொக்கு வராட்டி போவுது. படத்த வுட்டுட்டுப் போ. வருசக் கணக்கா என் நெலக் கேசு நடக்குது. வாய்தாவுக்கு வாய்தா அந்தம்மா கடையிலதான் காப்பி. என்னக் கண்டா போதும், 'இன்னும் முடியலியா, உன் கேசுக்கே என் மெஷினு தேஞ்சி போச்சுய்யா'ன்னுவாங்க." அவர் சிரித்தார். "கைப்பக்குவம்னு போட்டிருக்குதேன்னு ஒரு தபா கேட்டேன். 'எனக்கு வென்னி வெக்கத் தெரியாது, போய் மெஸ்ல சாப்புடு'ன்னாங்க."

ஸ்டூல் மேல் நின்றிருந்த ஜெயப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும். இறங்கி, கத்திரிக்கோல் கேட்டு வாங்கி, கீழே இருந்த எழுத்தையும் பாட்டிலையும் மட்டும் வெட்டி எடுத்தாள். படத்தைத் திரும்ப மாட்டினாள்.

"கேசு முடிஞ்சிதா பெரியப்பா?"

"எங்க முடிஞ்சிது? வர்ற வாரங்கூட வாய்தா கீது. காப்பி எங்க எடுக்கறதுன்னுதான் தெரியல."