விற்பனை வரிசையில் மூன்றாவது ஆள்

ஈரானில், எங்கள் கெர்மான் ஊரில் ஹெஷ்மத் கான் பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தன் வெள்ளைப் பிரைட் காரில் ஏற்றி இறக்கினார். ஒரு விபத்து கிடையாது, யாரோடும் ஒரு வாய்த்தகராறு கிடையாது. அப்படிப்பட்ட மனிதரைக் கெடுத்தது குடியும் இல்லை, சூதும் இல்லை. மரியாதைதான் கெடுத்தது. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் இன்னும் சிரிப்பு வரவில்லை.

கொரோனா வந்து பள்ளிகளை மூடினார்கள். கார் வாசலில் தூசி படிந்து நின்றது. அந்தக் கோடையில் ரொட்டிக்கடை வரிசையிலும் பங்குப் பேச்சு, சாவு வீட்டிலும் பங்குப் பேச்சு. மச்சினன் சம்பாதித்தான்; மச்சினனுக்கு முடி வெட்டுகிறவனும் சம்பாதித்தான். ஹெஷ்மத் எத்தனை நாள்தான் வேடிக்கை பார்ப்பார்? காரை விற்று, ஓடு செய்கிற ஒரு சின்ன ஆலையின் பங்கில் மொத்தத்தையும் போட்டார். ஒரு ரொட்டியின் விலைக்கு ஒரு பங்கு. அறுபதாயிரம் பங்குகள் கைக்கு வந்தபோது பாதி ஆலையே தனக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த ஆலையை அவருக்குக் காட்டியது டெலிகிராமில் இருந்த 'சிறு முதலீட்டாளர் குடும்பம்'. ஆயிரத்து இருநூறு பேர். நடத்தியவர் தன்னை இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டார். எந்தக் கட்டடம் கட்டினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. விலை இறங்கத் தொடங்கியதும், "இது இறக்கம் இல்ல, மூச்சு வாங்குது. இப்ப விக்கிறவன் குடும்பத் துரோகி" என்று எழுதினார். முதலில் விற்றது அவர்தான் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் ஆள் குழுவை விட்டே போய்விட்டார்.

எங்கள் சந்தையில் ஒரு பங்கு ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் இறங்கக் கூடாது என்று கணக்கு உண்டு. அந்த அடிவிலையில் எல்லாரும் விற்க வரிசை கட்டுவார்கள், வாங்கத்தான் ஆள் இருக்காது. காலை எட்டே முக்காலுக்கு வரிசை திறக்கும். அந்த நொடியில் முதலில் பொத்தானைத் தட்டியவருக்கு முன்னிடம். ஒன்பதுக்கு வியாபாரம் தொடங்கி, தப்பித்தவறி யாராவது வாங்க வந்தால் முன்னால் நிற்கிற இரண்டு மூன்று பேர் பிழைப்பார்கள். மற்றவர்கள் மறுநாள் மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும்.

பதினோரு நாள் ஹெஷ்மத் நின்றார். ஒருநாள் ஆயிரத்து எண்ணூறாவது ஆள், ஒருநாள் தொள்ளாயிரத்து நாற்பதாவது ஆள். மனைவி தூபா பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்து "இப்ப!" என்று கத்துவாள். பள்ளிகள் திறக்கப் போவதாகப் பேச்சு வந்திருந்தது. பழைய பிரைட் ஒன்றுக்கு ஹெஷ்மத் பேசி வைத்திருந்தார். பின்கதவு சரியாக மூடாது, மற்றபடி ஓடும். அன்று விற்றால் அந்தக் காருக்குப் பணம் சரியாக இருக்கும். இன்னும் ஒரு நாள் இறங்கினால் போதாது.

பன்னிரண்டாம் நாள் திரையைப் பார்த்த தூபா துள்ளி எழுந்தாள்.

"மூணு! ஏங்க, மூணாவது ஆளு நீங்க!"

ஹெஷ்மத் அந்தத் திரையைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். போடாமல் இருந்திருக்கலாம். பதினோரு நாள் பட்ட அவமானம், போட வைத்தது. "மாஷா அல்லா", "இனிப்பு எப்போ?" என்று வாழ்த்துகள் குவிந்தன. நடுவில் ரஃபத் கானும் எழுதினாள்; 'கானும்' என்றால் எங்கள் பக்கம் 'அம்மா' என்கிற மரியாதை. ஓய்வு பெற்ற டீச்சர். அவள் பேத்தியை ஹெஷ்மத்தான் இரண்டு வருஷம் பள்ளிக்குக் கூட்டிப்போனார்.

"வாழ்த்துகள், ஹெஷ்மத் கான். நான் நாலாவது. இன்னிக்கு மூணு பேரோடதைத்தான் வாங்குவாங்களாம். வீட்டுக்காரருக்கு ஆக்சிஜன் மெஷின் வாங்கலாம்னு இருந்தேன். கொடுத்து வெச்சது அவ்வளவுதான்."

ஹெஷ்மத்தின் விரல்கள் தாமாக எழுதின. "என்ன கானும் இது, என் இடம் உங்க இடம் இல்லையா? நீங்க முன்னாடி போங்க."

தாரோஃப். எங்கள் தாய்ப்பாலில் கலந்த நோய். கடைக்காரன் காசு வேண்டாம் என்பான், நாம் திணிக்க வேண்டும். விருந்தாளி வேண்டாம் என்பார், நாம் மூன்று தடவை வற்புறுத்த வேண்டும். கொடுக்கிறவனும் நிஜமாகச் சொல்வதில்லை, வாங்குகிறவனும் நிஜமென்று எடுப்பதில்லை. கானும் "ஐயோ, அது எப்படி, நீங்கதான் போகணும்" என்று எழுதுவாள் என்று ஹெஷ்மத் காத்திருந்தார்.

நன்றி சொல்லிப் பதில் வந்தது. "உங்க கைக்கு வலி வராம இருக்கட்டும். அப்போ உங்க ஆர்டரைச் சீக்கிரம் எடுத்துடுங்க. மணி எட்டு அம்பத்தேழு."

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன்னு எழுதுங்க!" தூபா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எழுதுங்க மனுஷா!"

"ஆயிரத்து எரநூறு பேரு பாக்குறாங்கடி."

"அந்த ஆயிரத்து எரநூறு பேருமா உங்களுக்குக் காரு வாங்கித் தரப் போறாங்க?"

ஹெஷ்மத் தன் ஆர்டரை ரத்து செய்தார்; கானும் மூன்றாவது ஆளானாள். மறுபடி போட்டபோது இரண்டாயிரத்துப் பதினாறாவது ஆள். ஒன்பது ஐந்துக்கு முதல் மூன்று பேருடைய பங்குகள் விற்றன. குழுவில் அவருக்கு இருநூறு பேர் பூப்படம் அனுப்பினார்கள். மறுநாள் அந்தப் பங்கின் வியாபாரத்தையே நிறுத்தி வைத்தார்கள். காருக்கு வேறு ஆள் வந்துவிட்டான்.

மூன்று வாரம் கழித்து ஹெஷ்மத் ரஃபத் கானுமின் வீட்டுக்கு நடந்து போனார். கேட்க வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கதவு திறந்தது.

"அடடே, ஹெஷ்மத் கானா! உள்ள வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

வாசலில் நிற்கிற யாரிடமும் சொல்வதுதான். தொந்தரவு வேண்டாம் என்று நாமும் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். ஹெஷ்மத் செருப்பைக் கழற்றினார். கானும் ஒரு கணம் கதவைப் பிடித்தபடி நின்று, பிறகு விலகினாள்.

உள்ளறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிப் படுத்திருந்த கிழவரின் மார்பு ஏறி இறங்கியது. கேட்க வந்ததை விட்டுவிட்டு ஹெஷ்மத் கீழே உட்கார்ந்தார். திட்டவும் முடியாமல் போனதில் அவருக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கானும் தட்டில் சோறும் பயறும் வைத்தாள். சட்டியில் இருவருக்கு மட்டுமே இருந்தது. தன் பங்கைத்தான் அவருக்குப் போட்டாள்.

"நீங்க மனசார சொல்லலைன்னு எனக்குத் தெரியும்" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

"தெரியுமா?"

"நாப்பது வருஷம் டீச்சரா இருந்தவளுக்குத் தெரியாதா? மூணு தடவை வேண்டாம்னு சொல்ல அன்னிக்கு நேரம் எங்க இருந்துச்சு?"

ஹெஷ்மத் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். பழக்கம் விடாமல் அவள் கேட்டாள்.

"வயிறு நெறஞ்சுதா, ஹெஷ்மத் கான்?"

"நெறயல, கானும்."